40 பக்க ஆவணம் 60 மெகாபைட் ஆவது எப்படி?

40 பக்கம் கொண்ட ஒரு வேர்ட் ஆவணம் 60 மெகாபைட் அளவில் இருப்பது இன்று அபூர்வமான செய்தி அல்ல. குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கை, கல்லூரி மாணவரின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், சேப்பாக்கத்திலோ கிண்டியிலோ சமர்ப்பிக்க வேண்டிய ஆய்வேடு, நந்தனம் புத்தகக் காட்சிக்கு முன்பாகப் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நூல் என்று எதை எடுத்துக்கொண்டாலும், கடைசி நாளில் மின்னஞ்சலோ இணையதளமோ ‘ஃபைல் பெரிதாக இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பும் நிலை சென்னையில் பலருக்கும் பழக்கமானது. அந்த அவசரத்தில் பெரும்பாலோர் மூன்று காரியங்களைச் செய்கிறார்கள். பக்கங்களைக் குறைக்கிறார்கள், எழுத்தின் அளவை 12இலிருந்து 10 ஆக்குகிறார்கள், அல்லது ஃபைலை ஜிப் செய்து அனுப்பிப் பார்க்கிறார்கள். இம்மூன்றாலும் அநேகமாக எந்தப் பயனும் இருப்பதில்லை. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் குறைக்க முற்படுவதே இந்தச் சிரமத்துக்கெல்லாம் காரணம். பார்ப்பதற்கு வழி இருக்கிறது, அதுவும் மிக எளிய வழி.

முதலில் எழுத்தின் எடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இன்றைய வேர்ட் கோப்புகளில் வழங்கும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகிறது. ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள், அதாவது 15 பைட். ‘புத்தகம்’ என்பது 8 குறியீடுகள், 24 பைட். சொல் ஒன்றுக்கு 9 குறியீடுகள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 40 பக்கங்களில் அடங்கும் ஏறத்தாழ 10,000 சொற்களுக்கு 270 கிலோபைட்தான் ஆகிறது. அதுவும் சுருக்கப்படாத நிலையில். தமிழ்க் குறியீடு எதுவானாலும் அதன் 3 பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒரே மதிப்புதான்; இரண்டாவது, இரண்டே இரண்டு மதிப்புகளில் ஒன்றாகத்தான் இருக்கும். இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவது கணினிக்கு மிக எளிது என்பதால், வேர்ட் சேமிக்கும்போது இந்த உரை சுமார் கால் பங்காக இறங்கிவிடும். ஆக, 60 மெகாபைட் ஆவணத்தில் எழுதியவரின் உழைப்பு முழுவதும் 100 கிலோபைட்டைக்கூடத் தொடுவதில்லை. ‘தமிழில் டைப் செய்தால் ஃபைல் பெரிதாகும்’ என்று சொல்பவர்கள் உண்டு. மூன்று மடங்கு என்பது உண்மைதான், ஆனால் அந்த மூன்று மடங்கும் ஒரே ஒரு புகைப்படத்தின் அருகில்கூட வருவதில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இந்தக் கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வேர்ட் ஆவணத்தின் உரைக்கு 32 மெகாபைட்டும், படங்கள் உட்பட முழு ஆவணத்துக்கு 512 மெகாபைட்டும் உச்சவரம்பாகச் சொல்கிறது. மேலே கண்ட கணக்குப்படி, உரையால் அந்த 32 மெகாபைட்டை நிரப்ப வேண்டுமானால் ஒருவர் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் எழுத வேண்டியிருக்கும்.

ஃபைலைத் திறந்து பார்ப்பது

2007ஆம் ஆண்டு ஆஃபிஸ் பதிப்பிலிருந்து வேர்ட் இயல்பாகச் சேமிக்கும் டாக்எக்ஸ் கோப்பு, உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். 1989இல் ஃபில் காட்ஸ் உருவாக்கிய அதே ஜிப் முறைதான் இதன் உறை. உள்ளே உரை ஓரிடத்திலும், படங்கள் ஓரிடத்திலும், எழுத்து நடை பற்றிய குறிப்புகள் ஓரிடத்திலுமாகத் தனித்தனிக் கோப்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த அமைப்பு, தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்புகளால் 2006 டிசம்பரில் எக்மா தரமாகவும், 2008இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. ஆகவே உள்ளே இருப்பது ரகசியம் ஒன்றும் இல்லை, எவரும் பார்க்கலாம். வேர்டுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸின் ஓடிடி கோப்பும் இதே போன்ற ஜிப் உறைதான்.

பார்க்கும் முறை இது. ஆவணத்தை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பைத் தொட வேண்டாம். விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பகுதிக்குள் கோப்புப் பெயரின் பின்னொட்டைக் காட்டும் தேர்வை இயக்கிவிட்டு, பிரதியின் பெயரில் டாக்எக்ஸ் என்று இருப்பதை ஜிப் என்று மாற்றுங்கள். விண்டோஸ் ஓர் எச்சரிக்கை காட்டும்; ஒப்புக்கொள்ளலாம். இப்போது அதை இருமுறை கிளிக் செய்தால் உள்ளே ‘வேர்ட்’ என்ற ஃபோல்டர் தெரியும். அதனுள் ‘டாக்குமெண்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் இருப்பதுதான் நீங்கள் எழுதியது. ‘மீடியா’ என்ற ஃபோல்டரில் படங்கள், ‘எம்பெடிங்ஸ்’ என்பதில் எக்செல் போன்ற பிற கோப்புகள், ‘ஃபாண்ட்ஸ்’ என்பதில் எழுத்துருக்கள் இருக்கும். கடைசி இரண்டும் எல்லா ஆவணத்திலும் இருப்பதில்லை. இருந்தால் கவனிக்க வேண்டும். அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால், எடையின் இருப்பிடம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் பத்து வகைக் கைவைத்தியம் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘மீடியா’ ஃபோல்டர் 58 மெகாபைட் என்று கண்ணெதிரே தெரிந்துவிட்டால், எழுத்துருவைப் பற்றியோ பக்க எண்ணிக்கையைப் பற்றியோ ஒருவர் கவலைப்பட மாட்டார்.

ஜிப் செய்து அனுப்புவது ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். டாக்எக்ஸ் ஏற்கெனவே ஜிப்; அதற்குள் இருக்கும் ஜேபெக், பிஎன்ஜி படங்களும் அவற்றுக்குரிய முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. மறுபடி சுருக்குவதற்கு அங்கே மிச்சம் எதுவும் இல்லை.

கைபேசிப் புகைப்படம்

பெரும்பாலான ஆவணங்களில் பாரம் புகைப்படங்களால் வருகிறது. சாதாரணக் கைபேசிக் கேமரா எடுக்கும் 12 மெகாபிக்சல் படத்தின் அகலம் 4000 புள்ளிகள், உயரம் 3000 புள்ளிகள். ஜேபெக் வடிவில் அது 3 முதல் 5 மெகாபைட் வரை வரும். சங்கத்தின் ஆண்டறிக்கையில் மழைநீர் வடிகால் வேலை, பொங்கல் விழா, புதிய ஜெனரேட்டர் என்று 15 படங்களைச் சேர்த்தாலே 60 மெகாபைட் நிறைந்துவிடும்.

ஆனால் அந்த ஆவணத்துக்கு அத்தனை புள்ளிகள் தேவையே இல்லை. ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். இருபுறமும் ஓர் அங்குலம் ஓரம் விட்டால் எழுதும் பரப்பு 6.27 அங்குலம். அச்சில் தெளிவாகத் தெரிய அங்குலத்துக்கு 220 புள்ளிகள் தாராளம் என்பதால், பக்கத்தின் முழு அகலத்துக்கும் விரிகிற படத்துக்கே சுமார் 1380 புள்ளிகள் போதும். 1380க்கு 1035 என்றால் ஏறத்தாழ 14 லட்சம் புள்ளிகள். கைபேசிப் படத்தில் இருப்பதோ 1 கோடியே 20 லட்சம். எட்டு மடங்குக்கு மேல் வீண். அதே படத்தைப் பக்கத்தின் ஓரத்தில் 3 அங்குல அகலத்தில் வைத்தால் தேவைப்படுவது 660க்கு 495 மட்டுமே, வீணாவது முப்பத்தாறு மடங்கு.

பலரும் நம்புவதற்கு மாறாக, படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கினால் கோப்பு சிறிதாகிவிடுவதில்லை. தாளில் எவ்வளவு பெரிதாகக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே மாறுகிறது. சேமிக்கும்போது வேர்ட் அந்தப் படத்தின் புள்ளிகளைக் குறைக்குமா, குறைக்காதா என்பது தனி அமைப்பு. ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியின் ‘அட்வான்ஸ்டு’ பிரிவில், படத்தின் அளவும் தரமும் என்ற தலைப்பின் கீழ் அது இருக்கிறது. அங்கே படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியில் டிக் இருந்தாலோ, ‘ஹை ஃபிடெலிட்டி’ தேர்வாகியிருந்தாலோ, தபால்தலை அளவில் தெரிகிற படத்துக்குள்ளும் 12 மெகாபிக்சலும் அப்படியே இருக்கும்.

குறைப்பதற்குரிய வழி, ஏதேனும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்ததும் மேலே தோன்றும் ‘பிக்சர் ஃபார்மட்’ பட்டியில் உள்ள ‘கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்’. அதைத் திறந்ததும் ‘இந்தப் படத்துக்கு மட்டும்’ என்ற பெட்டியில் டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால்தான் ஆவணத்தின் எல்லாப் படங்களும் சுருங்கும். செய்து பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை என்று சொல்பவர்களில் பலர் கவனிக்கத் தவறுவது இந்த டிக்கைத்தான். கீழே 330, 220, 150, 96 என்று அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற தேர்வுகள் வரும். லேசர் பிரிண்டரில் அச்சிடப் போகிற அறிக்கைக்கு 220, திரையில் மட்டும் படிக்கப் போவதற்கு 150 என்று நான் பரிந்துரைப்பேன். 96 என்பதை மிகவும் தயங்கியே தேர்ந்தெடுக்க வேண்டும். படத்துக்குள் பெயர்ப்பலகையோ கல்வெட்டோ இருந்தால் எழுத்து படிக்க முடியாமல் போய்விடும். வேர்ட் இந்தக் கணக்கை, படம் தாளில் இப்போது எந்த அளவில் தெரிகிறதோ அதை வைத்தே போடுகிறது. ஆகவே முதலில் எல்லாப் படங்களையும் வேண்டிய அளவுக்கு இழுத்து அமைத்துவிட்டு, அதன் பிறகே சுருக்க வேண்டும். சுருக்கிச் சேமித்த பின் பெரிதாக்கினால் மங்கும். இழந்த புள்ளிகள் திரும்ப வருவதில்லை. எப்போதும் பிரதி ஒன்றில் செய்வதுதான் பாதுகாப்பு.

தேர்வு விண்ணப்பங்களுக்காகப் புகைப்படத்தையும் கையொப்பத்தையும் கேட்ட கிலோபைட்டுக்குள் கொண்டுவந்து தரும் பிரௌசிங் சென்டர்காரர்கள் இதே வேலையை வேறு வழியில் செய்கிறார்கள்: படத்தை முதலிலேயே சிறிதாக்கிவிட்டுப் பிறகுதான் ஏற்றுகிறார்கள். ஆவணத்துக்கும் அதுவே நல்ல பழக்கம். வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே படத்தை அனுப்பி, அங்கே சுருங்கி வந்ததை எடுத்து வேர்டில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அறிக்கைக்கு அது போதுமானது, புத்தகத்துக்குப் போதாது. அதையே ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் படம் சுருங்காமல் மூல அளவிலேயே வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

புகைப்படத்தைக் காப்பி செய்து ஒட்டும்போது இன்னொரு சிக்கல் நேரலாம். ஒரு நிரலிலிருந்து கிளிப்போர்டு வழியாக வரும் படம், மூலத்தில் ஜேபெக்காக இருந்தாலும் வேர்டுக்குள் பிஎன்ஜி ஆக நுழைவது உண்டு. பிஎன்ஜி எந்தப் புள்ளியையும் இழக்காத முறை; ஸ்கிரீன்ஷாட்டுக்கும் வரைபடத்துக்கும் அது மிகப் பொருத்தம், முகங்களும் மரங்களும் நிறைந்த புகைப்படத்துக்கோ அது ஜேபெக்கைப் போலப் பல மடங்கு பெரிது. ‘மீடியா’ ஃபோல்டரில் புகைப்படம் ஒன்று பிஎன்ஜி என்ற பின்னொட்டோடு தென்பட்டால், அதை நீக்கிவிட்டு ‘இன்ஸெர்ட்’ வழியாக மூல ஜேபெக்கைச் சேர்ப்பது ஒன்றே நல்ல தீர்வு.

வெட்டிய பகுதி போய்விடுவதில்லை

கிராப் செய்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அளவை விட முக்கியமான ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. வேர்டில் ஒரு படத்தைக் கிராப் செய்தால், வெட்டப்பட்ட பகுதி மறைக்கப்படுகிறது, அழிக்கப்படுவதில்லை. பெறுபவர் அந்தப் படத்தின் மீது கிளிக் செய்து கிராப்பை விரித்தாலே முழுப் படமும் திரும்பத் தெரியும். ஜிப்பாக்கித் திறந்தால் அதுவும் தேவையில்லை, ‘மீடியா’ ஃபோல்டரில் முழுப் படமாகவே கிடக்கும்.

ஆதார் அட்டையைப் படமெடுத்து, எண் இருக்கும் வரியைக் கிராப் செய்து, முகவரியை மட்டும் காட்டும்படி வாடகை ஒப்பந்த வரைவில் சேர்க்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் மறைத்ததாக நினைக்கும் எண், அந்த ஃபைல் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகிறது. கறுப்புக் கட்டம் ஒன்றைப் படத்தின் மேல் வரைந்து மறைத்தாலும் இதே கதிதான். கட்டத்துக்கு அடியில் படம் பழுதில்லாமல் இருக்கிறது. ‘கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்’ பெட்டியில் ‘படங்களின் கிராப் செய்த பகுதிகளை நீக்கு’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்து சேமித்தால் வெட்டிய பகுதி உண்மையாகவே போய்விடும், கோப்பும் சிறிதாகும். அடையாள ஆவணங்களைப் பொறுத்தவரை வேர்டை நம்பாமல், கைபேசியிலேயே படத்தை வெட்டிப் புதிய படமாகச் சேமித்துவிட்டுச் சேர்ப்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

ஸ்கேன், லெட்டர்பேட்

ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து வாங்கிய பக்கங்களை வேர்டுக்குள் படமாகச் சேர்ப்பதும் சென்னையில் வழக்கம். ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 புள்ளிகள் கிடைக்கும். சுருக்கப்படாத நிலையில் அது வண்ணத்தில் 26 மெகாபைட், சாம்பல் நிறத்தில் 8.7 மெகாபைட், வெறும் கறுப்பு வெள்ளையில் 1.1 மெகாபைட். 600 புள்ளிகள் என்று வைத்தால் ஒவ்வொன்றும் நான்கு மடங்காகும். சேமிக்கும்போது எல்லாமே சுருங்கும் என்றாலும் வண்ணத்துக்கும் கறுப்பு வெள்ளைக்கும் இடையிலுள்ள பெரும் இடைவெளி போவதில்லை. கறுப்பு மையில் அச்சான ஒரு கடிதத்தை 600இல் வண்ணத்தில் ஸ்கேன் செய்வதால் எந்த நன்மையும் இல்லை. முத்திரையோ நீல மைக் கையொப்பமோ இருந்தால் மட்டும் வண்ணம் தேவை. ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போதே, ‘300, கிரே போதும் அண்ணா’ என்று சொல்லிவிடுவது பிறகு படும் பாட்டை மிச்சப்படுத்தும்.

ஒரே பக்கக் கடிதம் 6 மெகாபைட் என்றால் சந்தேகிக்க வேண்டியது லெட்டர்பேட். ஃப்ளெக்ஸ் பேனருக்காக வடிவமைத்த பல ஆயிரம் புள்ளி அகல லோகோவை அப்படியே ஹெடரில் வைத்து டெம்ப்ளேட் ஆக்கிவிடுகிறார்கள். அதன் பிறகு அந்த அலுவலகத்திலிருந்து போகும் ஒவ்வொரு கடிதமும் அந்தப் பேனரைச் சுமந்துகொண்டு போகிறது. ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனியாகச் சுருக்கிப் பயனில்லை. டெம்ப்ளேட்டில் ஒருமுறை லோகோவை மாற்றிவிட்டால் தீர்ந்தது. இஎம்எஃப், டபிள்யூஎம்எஃப் என்ற வரைகோட்டு வகைப் படங்களை ‘கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்’ தொடாது என்பதால், லோகோ அந்த வடிவில் இருந்தால் பிஎன்ஜி ஆக மாற்றிச் சேர்க்க வேண்டும்.

உள்ளே குடியிருக்கும் எக்செல்

‘எம்பெடிங்ஸ்’ ஃபோல்டரில் எக்செல் கோப்பு தென்பட்டால் அளவைக் குறைப்பதற்கு முன் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். எக்செலிலிருந்து ஒரு விளக்கப்படத்தைக் காப்பி செய்து வேர்டில் ஒட்டும்போது ‘எம்பெட் ஒர்க்புக்’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் படம் மட்டும் வருவதில்லை. அது இருந்த எக்செல் கோப்பு, அதன் எல்லா ஷீட்டுகளோடும் ஆவணத்துக்குள் வந்துவிடும். சங்கத்தின் பொருளாளர் வரவு செலவு விளக்கப்படம் ஒன்றை ஆண்டறிக்கையில் இப்படி ஒட்டினார் என்றால், அடுத்த ஷீட்டில் இருக்கும் எந்த வீட்டுக்காரர் எத்தனை மாத மெயின்டனன்ஸ் பாக்கி என்ற பட்டியலும், வாட்ச்மேன் சம்பளக் கணக்கும் 120 வீட்டுக்கும் போய்ச் சேரும். விளக்கப்படத்தின் மீது கிளிக் செய்து தரவைத் திருத்தும் தேர்வைத் திறந்தால் போதும், எல்லாம் தெரியும். ஒட்டும்போது ‘பிக்சர்’ என்று தேர்ந்தெடுத்தால் இந்த இரண்டு தொல்லையும் ஒருசேர நீங்கும். ஆவணத்துக்குள் பிடிஎஃப் கோப்புகளை ஐகானாகச் சேர்ப்பதும் இதே வகை. ஐகான் சிறியது, அதன் பின்னால் முழு பிடிஎஃப் கோப்பும் இருக்கிறது.

எழுத்துரு: தமிழுக்கே உரிய சிக்கல்

ஆங்கில ஆவணத்தில் எழுத்துருவைப் பதித்து அனுப்ப வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை. தமிழில் எழுகிறது, அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து இயங்கின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சென்னையின் டி.டி.பி. கூடங்களில் பல்லாண்டுகள் கோலோச்சிய பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு யூனிகோடே தெரியாது என்பதால், அந்த எழுத்துருக்களில் உள்ளிட்ட பழைய நூல்களும் படிவங்களும் இன்னும் ஏராளமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. எதிரில் இருப்பவருக்கும் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியின் ‘சேவ்’ பிரிவில் எழுத்துருவை ஃபைலில் பதிக்கும் தேர்வை ஒருமுறை டிக் செய்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள்.

தனி ஒரு தமிழ் எழுத்துரு பெரிதல்ல; சில நூறு கிலோபைட்டுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆபத்து, பல மொழிகளையும் ஒன்றாகச் சுமக்கும் எழுத்துருக்களில் இருக்கிறது. ஏரியல் யூனிகோட் எம்எஸ் என்ற எழுத்துருக் கோப்பு மட்டுமே சுமார் 22 மெகாபைட். இணையத்திலிருந்து ஒட்டிய ஒரு பத்தியோடு அது ஆவணத்துக்குள் நுழைந்து, பதிக்கும் தேர்வும் இயக்கத்தில் இருந்தால், யாரும் கேட்காமலே பல மெகாபைட் ஏறிவிடும். அதே இடத்தில் ‘பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதி’ என்றும், ‘பொதுவான கணினி எழுத்துருக்களைப் பதிக்காதே’ என்றும் இரண்டு துணைத் தேர்வுகள் உண்டு. இரண்டையும் டிக் செய்வது நல்லது. ஆனால் முதலாவதைத் தேர்ந்தால், பெறுபவர் ஆவணத்தில் இல்லாத புதிய எழுத்தைத் தட்டச்சிடும்போது அந்த எழுத்துரு அவருக்குக் கிடைக்காமல் போகலாம்; படிக்க மட்டும் அனுப்பும் பிரதிக்கே அது ஏற்றது.

யூனிகோடில் எழுதியிருந்தால் பதிக்க வேண்டிய அவசியமே அநேகமாக இல்லை. விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்ற தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன; வடிவம் சற்று மாறலாம், எழுத்து மாறாது. ஆகவே பழைய எழுத்துருவில் உள்ள உரையை, எழுத்துரு மாற்றும் நிரல் ஒன்றின் உதவியால் ஒருமுறை யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒற்றெழுத்துகளைக் கவனமாகச் சரிபார்த்துவிடுவதுதான் நிலையான வழி. அளவு குறைவதைவிட, அந்த உரையைத் தேடவும் பத்தாண்டு கழித்துப் படிக்கவும் முடியும் என்பது எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது.

மற்ற சில

திருத்தங்களைக் குறித்துவைக்கும் ‘ட்ராக் சேஞ்சஸ்’ இயக்கத்தில் இருக்கும்போது நீக்கிய எதுவும் நீங்குவதில்லை. நீக்கியதாகக் குறிக்கப்பட்டு உள்ளேயே இருக்கும். உரை என்றால் அது பொருட்டில்லை. நெறியாளர் வேண்டாம் என்று சொல்லி நீக்கிய படங்களும் அப்படியே இருப்பதுதான் ஆய்வேடுகளைப் பெருக்க வைக்கிறது. திருத்தங்களை ஏற்றுக்கொண்டு சேமித்த பிறகே அவை வெளியேறும். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் வேர்ட் உரைக்குள் செருகும் அடையாள எண்களைப் பற்றிச் சிலர் கவலைப்படுகிறார்கள். அவை சுருங்கும் தன்மை கொண்டவை, அவற்றை விட்டுவிடலாம்.

பழைய டாக் வடிவில் இருக்கும் கோப்பை டாக்எக்ஸ் ஆக மாற்றிச் சேமித்தாலே பெரும்பாலும் அளவு குறையும். ஆர்டிஎஃப் வடிவத்தைத் தவிர்ப்பது நல்லது. அது படத்தின் ஒவ்வொரு பைட்டையும் இரண்டு எழுத்தாக எழுதி வைக்கிறது. பல நேரங்களில் அதே படத்தின் இன்னொரு பிரதியையும் சேர்த்துவிடுகிறது. தமிழுக்கு அது இன்னும் மோசம்: ‘க’ என்ற ஒரே எழுத்து, சாய்கோடு, குறி, 2965 என்ற எண், கேள்விக்குறி என 7 எழுத்துகளாக நீண்டுவிடும்.

லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் எழுதுபவர்கள் படத்தின் மீது வலது கிளிக் செய்தால் ‘கம்ப்ரெஸ்’ கிடைக்கும். எழுத்துருவைப் பதிக்கும் தேர்வு அங்கே ‘ஃபைல்’ பட்டியின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பெட்டியில், ‘ஃபாண்ட்’ என்ற பக்கத்தில் உள்ளது.

அனுப்பும்போது

ஜிமெயிலில் இணைக்கும் கோப்புகளுக்கு 25 மெகாபைட் வரம்பு. மின்னஞ்சலில் செல்லும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டுச் செல்வதால், 3 பைட் 4 பைட்டாகி, மூன்றில் ஒரு பங்கு வீங்குகிறது என்பதையும் கணக்கில் கொண்டால், 15 மெகாபைட்டுக்குள் வைத்திருப்பது எந்த அலுவலகச் சர்வருக்கும் நிம்மதி.

பெறுபவர் திருத்தப் போவதில்லை என்றால் பிடிஎஃப் அனுப்புவதே சரி. வேர்டில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது ‘மினிமம் சைஸ்’ என்ற தேர்வு இருக்கிறது; படங்கள் அங்கேயே சுருங்கும், பயன்பட்ட எழுத்துகளும் பதிந்துவிடும் என்பதால் எழுத்துருப் பிரச்சினையும் எழாது.

அச்சுக்குப் போகும் நூலுக்கு மட்டும் இந்த வழிகளில் பாதி பொருந்தாது. அச்சகத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். வேர்டில் சுருங்கிய படத்தை வெளியே எடுத்து அச்சிட்டால் மங்கலாகவே வரும். நூலுக்கான புகைப்படங்களைக் கேமராவிலிருந்து வந்தபடியே தனி ஃபோல்டரில், படம் 1, படம் 2 என்று எண்ணிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வேர்டில் சிறிய பிரதியும், அதன் கீழே அதே எண்ணும், படக்குறிப்பும் இருந்தால் போதும். வடிவமைப்பாளர் பக்கம் அமைக்கும்போது அந்த எண்ணைப் பார்த்து மூலப் படத்தைத்தான் எடுத்து வைக்கிறார் என்பதால், ஃபோல்டரைப் பென் டிரைவிலோ கூகுள் டிரைவ் இணைப்பாகவோ தனியே கொடுத்துவிட்டு, வேர்ட் ஃபைலைச் சில மெகாபைட்டில் மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடலாம்.